உரிப்பொருள் ஒன்று, கருப்பொருள் பல: காணொளி விளையாட்டுக் கதைகளில் கூறுகளின் நெரிசல்

ஆய்வுச்சுருக்கம்

காணொளி விளையாட்டுக் கதைகளில் பல கருத்துகளும் நிகழ்வுத் தொடர்களும் ஒன்றையொன்று நெருக்கிக் கதையை நலிவிப்பது அடிக்கடி சுட்டப்பெறும் குறையாகும். இக்குறை கூறுகளின் எண்ணிக்கையால் விளைவதன்று. உரிப்பொருள் ஒன்றாக நில்லாமையால் விளைவது என இக்கட்டுரை வாதிடுகிறது. தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி என்னும் பாகுபாடும், நன்னூல் சுட்டும் நூற்குற்றங்களும் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. ‘இகோ’ (2001), ‘பயோஷாக் இன்ஃபினிட்’ (2013) ஆகிய இரு விளையாட்டுகள் ஒப்பிடப்படுகின்றன. ‘டிஸ்கோ எலிசியம்’ (2019) மறுதலைச் சான்றாக அமைகிறது. கூறுகள் போட்டியிடும்போது கதையின் வடிவத்தோடு, அக்கதையில் இடம்பெறும் எளியோரின் வரலாறும் சிதைகிறது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, கதைக்கூறு, ஆட்டச் செயல், முதல் கரு உரி, மற்றொன்று விரித்தல், இகோ, பயோஷாக் இன்ஃபினிட்

முன்னுரை

புதினம் வாசிப்பவர் விளங்காத பக்கத்தை மீண்டும் படிக்கலாம். கூத்தோ திரைப்படமோ காண்பவர் கையைக் கட்டிக்கொண்டு முழுக் கவனத்தையும் காட்சிக்குத் தரலாம். காணொளி விளையாட்டில் இவ்விரு வாய்ப்புகளும் குறைவு. விளையாடுநரின் கை இயங்கிக்கொண்டிருக்கும்போதே கதை நிகழ்கிறது. ஓடுதல், தாவுதல், குறிபார்த்தல், வழிதேடுதல் ஆகியவற்றுக்குச் செலவிட்டது போக எஞ்சிய கவனமே கதைக்குக் கிடைக்கிறது. எனவே புதினத்தில் ஒரு கிளைக்கதை கோரும் விலையைவிட விளையாட்டில் அது கோரும் விலை மிகுதி. முப்பது மணிநேரம் நீளும் ஆட்டத்தில் ஐந்தாம் மணியில் விதைத்த செய்தி இருபதாம் மணியில் நினைவில் நிற்க வேண்டுமாயின், இடையில் வந்தவை அதனை மூடாதிருத்தல் வேண்டும்.

இதனால் ‘குறைவாகச் சேர்த்தல்’ என்பது விளையாட்டுக் கதை எழுதுவோர்க்குக் கூறப்படும் வழக்கமான அறிவுரையாக உள்ளது. அவ்வறிவுரை பயனுடையதேயாயினும் தெளிவற்றது. எதனைக் குறைப்பது, எந்த அளவோடு நிறுத்துவது, சில படைப்புகள் மிகப் பல கூறுகளைத் தாங்கியும் சிதையாமல் நிற்பது எவ்வாறு ஆகிய வினாக்களுக்கு அதில் விடையில்லை. இவ்வினாக்களுக்குத் தமிழ் இலக்கண மரபிலிருந்து ஒரு விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

ஆய்வுக் கருவிகள்

தொல்காப்பிய அகத்திணையியல் பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்று உரையாசிரியர் கொள்வர். இவற்றோடு, உரிப்பொருள் அல்லாதவை மயங்கப்பெறும் என்னும் கருத்தும் அவ்வியலில் உண்டு. அந்நூற்பாவின் பொருள்கோளில் உரையாசிரியரிடையே வேறுபாடு இருப்பினும், இங்கு அதன் நேர்ப்பொருள் கொள்ளப்படுகிறது. ஒரு திணையின் நிலமும் பறவையும் மற்றொன்றில் வரலாம். பாடலைத் தாங்கும் ஒழுக்கம் மட்டும் தன் தனித்தன்மையை இழக்கலாகாது என்பதே அது.

விளையாட்டுக் கதைக்கு இப்பாகுபாடு பொருந்தும் முறை வெளிப்படையானது. ஆட்டம் நிகழும் உலகும் காலமும் முதற்பொருள். பகைவர், கருவிகள், ஆற்றல்கள், ஊர்கள், குழுக்கள் ஆகியன கருப்பொருள். விளையாடுநர் தம் செயலால் மீண்டும் மீண்டும் நிகழ்த்தும் மாந்த உறவே உரிப்பொருள். பாடலில் உரிப்பொருள் கூற்றின் வழியே வெளிப்படுகிறது. விளையாட்டில் அது ஆட்டச் செயலின் வழியே வெளிப்பட வேண்டும். இவ்வொரு வேறுபாடே பின்வரும் ஆய்வுக்கு அடிப்படை.

இரண்டாவது கருவி, நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் பத்துவகைக் குற்றம். அவற்றுள் மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல், குன்றக் கூறல் ஆகியவை இவ்வாய்வுக்கு நெருக்கமானவை. நன்னூலார் இவற்றைக் கதைக்கன்றி நூலுக்கே கூறினார். ஆகவே இங்கு இவை ஒப்புமை நோக்கில் மட்டுமே பயன்படுத்தப்படுகின்றன. எனினும் இச்சொற்கள் தரும் நுண்ணிய வேறுபாடுகள் பயனுடையவை. விளையாட்டு வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007ஆம் ஆண்டில் ‘பயோஷாக்’ விளையாட்டைக் குறித்து எழுதியபோது, கதை கூறும் பொருளும் ஆட்டவிதிகள் கூறும் பொருளும் முரண்படுவதற்கு ஒரு கலைச்சொல்லை ஆக்கினார். தமிழில் அதனை ‘ஆட்ட–கதை முரண்’ எனலாம். அது நன்னூலார் மொழியில் மாறுகொளக் கூறல். இக்கட்டுரை ஆராயும் நெரிசலோ மற்றொன்று விரித்தலுக்கும் மயங்க வைத்தலுக்கும் உரியது. இரண்டு கூறுகள் முரண்படாமலேயே ஒன்றன் இடத்தை மற்றொன்று பறிக்கக்கூடும்; முரணைத் தேடும் திறனாய்வுக்கு அப்பறிப்பு புலப்படாது.

ஒப்பாய்வுக்கு எடுத்துக்கொண்ட இரு விளையாட்டுகளும் ஒரே கதைக்கருவில் தொடங்குகின்றன. உயர்ந்த கட்டடமொன்றில் சிறைப்பட்ட பெண்ணை வெளியிலிருந்து வந்த ஒருவன் விடுவித்து அழைத்துச் செல்கிறான். அவளைச் சிறைவைத்தவர் அவளுடைய பெற்றோர் நிலையில் இருப்பவர். கரு ஒன்றாயிருத்தலின், கூறுகளைக் கையாளும் முறையில் உள்ள வேறுபாடு தெளிவாகப் புலனாகிறது.

‘இகோ’: செயலும் பொருளும் ஒன்றாதல்

ஃபுமிட்டோ உவெடா இயக்கிய ‘இகோ’ 2001இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வெளிவந்தது. கொம்புடன் பிறந்த சிறுவன் இகோ, ஊர் வழக்கப்படி பலியாகக் கோட்டையொன்றின் கல்பேழையில் அடைக்கப்படுகிறான். தற்செயலாக வெளிப்பட்ட அவன், கூண்டில் அடைபட்ட யோர்டாவைக் கண்டு விடுவிக்கிறான். அவள் தாயாகிய அரசி, மகளின் உடலைக் கொண்டு தன் வாழ்வை நீட்டிக்க எண்ணுகிறாள். கதை இவ்வளவே.

தம் வடிவமைப்பு முறையைக் கழித்தல் முறை என உவெடா விளக்கியுள்ளார். கழித்தலுக்குப் பின் எஞ்சியவற்றை நோக்கினால், அவை ஒரே செயலைச் சுற்றி நிற்பது புலப்படும். கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் இகோ யோர்டாவைக் கூவி அழைக்கிறான். அருகில் இருப்பின் அவள் கையைப் பற்றுகிறான். பொத்தானை விட்டால் கை விடுபடுகிறது. நிழலுருவங்கள் யோர்டாவைத் தூக்கிச் சென்று கருங்குழிக்குள் இழுக்க முயல்கின்றன. அவை இகோவை அடித்து வீழ்த்துமேயன்றிக் கொல்வதில்லை. அவள் குழிக்குள் மறைந்தால் ஆட்டம் முடிகிறது. அதாவது, தோல்வியின் இலக்கணமே பிரிவாக அமைக்கப்பட்டுள்ளது. ஆட்டத்தைச் சேமிக்கும் இடம் ஒரு கல்லிருக்கை. இருவரும் அதில் அருகருகே அமர்ந்தால்தான் சேமிக்க இயலும். திரையில் உயிர்நிலை காட்டும் அளவுகோல் இல்லை; பட்டியல்கள் இல்லை.

மொழியும் இவ்வாறே கையாளப்படுகிறது. யோர்டா பேசும் மொழி இகோவுக்குத் தெரியாது. அவளது பேச்சு திரையில் அறியாத எழுத்துருவில் தோன்றுகிறது. சில பதிப்புகளில், ஒருமுறை ஆடி முடித்தபின் மறுமுறை ஆடும்போதுதான் அதன் பொருள் தரப்படுகிறது. உரையாடலால் உறவை விளக்கும் வாய்ப்பை நீக்கியதன் பயன், விளக்கும் பொறுப்பு முழுவதும் கைக்கு வந்து சேர்தல்.

இவ்வொருமையின் பயன் பாலக்காட்சியில் வெளிப்படுகிறது. கோட்டையினின்று தப்பும் வேளையில் பாலம் பிளந்து விலகத் தொடங்க, இருவரும் பிரிகின்றனர். விளையாடுநர் திரும்பித் தாவ வேண்டும். தாவியவன் கையை இம்முறை யோர்டா பற்றுகிறாள். அதுவரை பற்றியவன் பற்றப்படுகிறான். உரையாடல் எதுவும் இல்லாமலேயே உறவின் திசை மாறுகிறது. கை பற்றுதலோடு போட்டியிடும் வேறு பொருட்செயல்கள் ஆட்டத்தில் நிறைந்திருந்தால் இத்திருப்பம் பல காட்சிகளுள் ஒன்றாகக் கரைந்திருக்கும்.

கழித்தலுக்கு விலையும் உண்டு. யோர்டாவின் விருப்பம், அச்சம், கடந்த காலம் ஆகியன பெரும்பகுதி மறைவாகவே உள்ளன. வாயில்களைத் திறக்கும் ஆற்றல் அவளிடம் இருப்பினும், எப்போது எங்குச் செல்வது என்பதைத் தீர்மானிப்பவன் இகோ. அழைத்துச் செல்லப்படும் பெண் என்னும் நிலையிலிருந்து அவள் விடுபடுவது கதையின் இறுதிப்பகுதியிலேயே. இதனைக் குன்றக் கூறல் எனச் சுட்டுவது தவறாகாது. ஆயினும் இக்குறை கண்ணுக்குப் புலப்படும் குறை. ஒருமையுடைய படைப்பில் இல்லாதது எதுவெனத் திறனாய்வாளர் எளிதில் காட்டலாம். நெரிசலுடைய படைப்பில் எல்லாம் இருப்பது போன்ற தோற்றமே குறையை மறைத்துவிடுகிறது.

‘பயோஷாக் இன்ஃபினிட்’: மூன்று உரிப்பொருள்கள்

கென் லெவின் தலைமையில் இர்ரேஷனல் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘பயோஷாக் இன்ஃபினிட்’ 2013இல் வெளியானது. கதை 1912இல் வானில் மிதக்கும் கொலம்பியா நகரில் நிகழ்கிறது. கடன்பட்ட முன்னாள் படைவீரன் புக்கர் டிவிட், கோபுரத்தில் அடைபட்ட எலிசபெத்தை மீட்டுவர அனுப்பப்படுகிறான். நகரைக் காம்ஸ்டாக் என்னும் ‘தீர்க்கதரிசி’ ஆள்கிறான். வெள்ளையின மேன்மை அந்நகரின் சமயமாகவே உள்ளது. கறுப்பினத்தவரும் ஐரிஷ் மக்களும் கூலிகளாக ஒடுக்கப்படுகின்றனர். அவர்களைத் திரட்டி வாக்ஸ் பாப்புலி என்னும் இயக்கத்தை நடத்துபவர் டெய்சி ஃபிட்ஸ்ராய் என்னும் கறுப்பினப் பெண். எலிசபெத் வேற்றுலகங்களுக்கு வாயில் திறக்கும் ஆற்றலுடையவள்.

இங்கு உரிப்பொருள் நிலையில் மூன்று கதைகள் உரிமை கோருகின்றன: ஒரு தந்தையின் குற்றவுணர்வு, ஒடுக்கப்பட்டோரின் எழுச்சி, பல்லுலகப் புதிர். இம்மூன்றோடு விகர் எனப்படும் மருந்துகளால் பெறும் ஆற்றல்கள், எலிசபெத்தைக் காக்கும் இயந்திரப் பறவை, நகரைச் சுற்றும் தொங்குதண்டவாளம், அமெரிக்கப் பூர்வகுடியினர் 1890இல் கொல்லப்பட்ட வூண்டட் நீ நிகழ்வின் நினைவு ஆகியவையும் சேர்கின்றன. தனித்தனியே நோக்கின் இவற்றுள் பெரும்பாலானவை வலிமையுள்ள கற்பனைகள். குறை அவற்றின் உறவில் உள்ளது.

முதலாவதாக, ஆட்டச் செயல் இம்மூன்றில் எதற்கும் உரியதாக இல்லை. விளையாடுநர் பெரும்பொழுதும் செய்வது சுடுதல். எலிசபெத் உடன் வருகிறாள்; போரில் அவளுக்குத் தீங்கு நேராது; அவளைக் காக்க வேண்டியதில்லை என ஆட்டமே அறிவிக்கிறது. அவள் தோட்டாவும் மருந்தும் காசும் எடுத்து எறிகிறாள். அவளை உயிருள்ளவளாகக் காட்டும் பல நுண்ணிய அசைவுகள் அமைக்கப்பட்டிருப்பினும், விளையாடுநரின் கைக்கும் அவளுக்குமான உறவு கொடுப்பவள்–பெறுபவன் என்ற அளவில் நின்றுவிடுகிறது. யோர்டா பேசாமலேயே கதையின் உரிப்பொருளாகிறாள். எலிசபெத் மிகுதியாகப் பேசியும் ஆட்டத்தில் கருப்பொருளாகவே எஞ்சுகிறாள்.

இரண்டாவதாக, முந்தைய படைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட கூறுகள் புதிய இடத்தில் வேர்பிடிக்கவில்லை. 2007இல் வந்த ‘பயோஷாக்’ விளையாட்டில் உடலை மாற்றும் மருந்துகளே கடலடி நகரின் அழிவுக்குக் காரணம். அவை கருப்பொருளாயினும் அக்கதையின் உரிப்பொருளைத் தாங்கின. கொலம்பியாவில் விகர்கள் கடைகளிலும் விழாவிலும் கிடைக்கின்றன. ஆயினும் அந்நகர வாழ்வு அவற்றால் மாறியதாகத் தெரியவில்லை. அவற்றை நீக்கினால் சண்டை மாறும், கதை மாறாது. இது மிகைபடக் கூறல்.

மூன்றாவதாக, உரிப்பொருளோடு நெருங்கிய கூறுக்கு இடம் கிடைக்கவில்லை. எலிசபெத்தின் சிறைக்காவலனும் ஒரே தோழனுமாகிய இயந்திரப் பறவை அவளது விடுதலையின் இரட்டைத்தன்மையைத் தாங்கக்கூடிய பாத்திரம். அது சில இடங்களில் தோன்றி மறைகிறது, இறுதிப் போரில் விளையாடுநரின் ஆணைக்குட்பட்ட படைக்கலமாகிறது, பின் மடிகிறது. வேறு கதைகள் நிரம்பிய இடத்தில் அதன் கதை சுருங்கிப்போனது.

நெரிசலில் மிதிபடுவோர்

மேற்கூறியவை வடிவக் குறைகள். இவற்றினும் கடுமையானது வாக்ஸ் பாப்புலி கதைக்கு நேர்ந்தது.

விளையாட்டின் தொடக்கத்தில் ஒரு விழாக்காட்சி உண்டு. குலுக்கலில் வென்ற புக்கரின் கையில் பந்து தரப்படுகிறது. மேடையில் கட்டுண்டு நிற்கும், இனம் கடந்து இணைந்த இருவர்மீது அதனை முதலில் எறியும் ‘பரிசு’ அவனுக்கு உரியது. எறிவதா, விழா நடத்துபவன்மீது எறிவதா என்னும் தெரிவு விளையாடுநரிடம் விடப்படுகிறது. எதைத் தெரிந்தாலும் கையிலுள்ள அடையாளம் கண்டறியப்பட்டு எறிதல் தடைபடுகிறது. காவலரோடு சண்டை மூள்கிறது. ஒடுக்குமுறையை விளையாடுநரின் கையில் வைத்த ஒரே பெரும் தருணம் அது. அதன்பின் அத்தகைய செயல் பெரிதாகத் தொடரவில்லை.

பின்னர் ஃபிட்ஸ்ராய், வான்கலம் வேண்டுமாயின் தம் இயக்கத்துக்குப் படைக்கலம் பெற்றுத்தர வேண்டும் என்கிறார். படைக்கலம் செய்யும் கொல்லன் இறந்துகிடக்க, எலிசபெத் அவன் உயிரோடிருக்கும் வேற்றுலகுக்கு வாயில் திறக்கிறாள். அடுத்து, எழுச்சி ஏற்கெனவே தொடங்கிவிட்ட மற்றோர் உலகுக்கு. இவ்விடத்தில் பல்லுலகப் புதிர் எழுச்சிக் கதையின் இடத்தைப் பறித்துக்கொள்கிறது. படைக்கலம் பெறுதல், அணிதிரளுதல், ஐயுறுதல், துணிதல் ஆகிய ஓர் எழுச்சியின் காரண காரியங்கள் யாவும் ஒரு வாயிலின் இருபுறத்தில் தாவப்பட்டுவிடுகின்றன. அவ்வுலகில் புக்கர் அவ்வியக்கத்துக்காக உயிர்நீத்த தியாகி. உயிரோடு வந்து நிற்பவனைக் கண்ட ஃபிட்ஸ்ராய் அவனைக் கொல்ல ஆணையிடுகிறார். சற்றுப்பின் முதலாளி ஃபிங்க்கைக் கொன்று, அவன் குழந்தையையும் கொல்ல முனைகிறார். எலிசபெத் அவரைக் கத்தரிக்கோலால் குத்திக் கொல்கிறாள். காம்ஸ்டாக்குக்கும் ஃபிட்ஸ்ராய்க்கும் பெயரன்றி வேறுபாடில்லை என்னும் பொருள்பட புக்கர் பேசுகிறான். அதன்பின் வாக்ஸ் படையினர், முன்னர் காவலர் நின்ற இடத்தில் சுடப்படும் பகைவராக நிற்கின்றனர்.

ஒடுக்கியவரும் ஒடுக்கப்பட்டவரும் ஒரு தன்மையர் என்னும் இம்முடிவு, ஆராய்ந்து அடைந்த கருத்தாக ஆட்டத்துள் வெளிப்படவில்லை. எலிசபெத் முதன்முறை கொலைசெய்து மாறுவதற்கு ஒரு நிகழ்ச்சி தேவைப்பட்டது. அதற்கு ஃபிட்ஸ்ராய் கருவியாக்கப்பட்டார். ஓர் உரிப்பொருள் மற்றோர் உரிப்பொருளின் கருப்பொருளாகத் தாழ்த்தப்பட்டது என்பதே இங்கு நிகழ்ந்தது. இவ்விளக்கத்துக்குப் படைப்பாளர் தரப்பிலிருந்தே சான்று உண்டு. 2014இல் வெளிவந்த ‘பரியல் அட் ஸீ’ இரண்டாம் பகுதி இந்நிகழ்ச்சிக்குத் திரும்பிச் செல்கிறது. எலிசபெத் மாறவேண்டும் என்பதற்காகவே அக்குழந்தையை அச்சுறுத்துமாறு ஃபிட்ஸ்ராயிடம் பிறர் வேண்டினர் என அங்குக் காட்டப்படுகிறது. கொடியவர் என்ற பழி நீங்குகிறது. ஆனால் அவர் பிறரொருத்தியின் வளர்ச்சிக்காக உயிர்கொடுத்தவராகிறார். ஒட்டுப்போட்ட இடம் கிழிந்த இடத்தையே மீண்டும் காட்டுகிறது.

இறுதிப்பகுதி இதனை முழுமையாக்குகிறது. காம்ஸ்டாக் என்பவன் திருமுழுக்குப் பெற்ற மற்றோர் உலகின் புக்கரே. எலிசபெத் அவன் விற்ற மகள் அன்னா. திருமுழுக்கின் தருணத்தில் புக்கர் மூழ்கடிக்கப்பட, காம்ஸ்டாக் தோன்றவே இல்லை என்றாகிறது. தந்தையின் குற்றம் இவ்வாறு தீர்கிறது. கொலம்பியாவும் அதன் கூலிகளும் அவர்தம் போராட்டமும் அத்தீர்வோடு சேர்ந்து இல்லாதனவாகின்றன. இது நீதியா என்னும் வினா எழுப்பப்படவேயில்லை. வினா எழ இடமில்லாதபடி புதிரின் விடை அவ்விடத்தை நிரப்பிவிட்டது. தனிமனிதக் குற்றவுணர்வும் பல்லுலகப் புதிரும் ஒன்றுக்கொன்று துணைநின்றன. மூன்றாவதாகிய மக்களின் எழுச்சியே வெளியேற்றப்பட்டது.

எண்ணிக்கை குற்றமன்று

கூறுகள் பலவாயின் நெரிசல் தவிர்க்க முடியாதது என்று கருதலாகாது. ‘டிஸ்கோ எலிசியம்’ இதற்குச் சான்று. ராபர்ட் குர்விட்ஸ் தலைமையில் உருவாகி 2019இல் வெளிவந்த இவ்விளையாட்டில் ஒரு கொலைவழக்கு, துறைமுக வேலைநிறுத்தம், தோற்றுப்போன புரட்சியின் நினைவு, நான்கு அரசியல் சார்புகள், அறியப்படாத உயிரினம் ஒன்றின் தேடல், உலகையே அரிக்கும் வெளிறிய வெறுமை என எண்ணற்ற கூறுகள் உள்ளன. நாயகனின் 24 திறன்கள் 24 குரல்களாக அவனுள் பேசுகின்றன. ‘இன்ஃபினிட்’ தாங்கிய சுமையைவிட இது குறைந்ததன்று.

ஆயினும் இக்கூறுகள் போட்டியிடுவதில்லை. ஆட்டச் செயல் ஒன்றே: பேசுதல், கேட்டல், தன் குரல்களுள் எதனை நம்புவதெனத் தீர்மானித்தல். குடியால் நினைவிழந்த துப்பறிவாளன் தன்னை மீண்டும் கட்டிக்கொள்வதே உரிப்பொருள். வேலைநிறுத்தமும் புரட்சியும் அவனிடம் வினாக்களாக வருகின்றன; விடையளிக்கும்போதெல்லாம் அவன் யாரென்பது தீர்மானமாகிறது. தொழிற்சங்கத்தை விளையாடுநர் பகடி செய்யலாம், ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். ஆனால் சுட்டுக்கடந்து செல்லும் பின்புலமாக அதனை ஆக்க இயலாது. முதலும் கருவும் எத்தனை மயங்கினும் உரி மயங்கவில்லை. தொல்காப்பியக் கருத்தின் பொருத்தம் இங்கு உறுதிப்படுகிறது.

எழுதுவோர்க்கான மூன்று வினாக்கள்

மேற்கண்ட ஆய்விலிருந்து, விளையாட்டுக் கதையில் ஒரு கூறினைச் சேர்க்குமுன் எழுப்பத்தக்க மூன்று வினாக்கள் பெறப்படுகின்றன.

முதல் வினா செயல் பற்றியது: இக்கூறு விளையாடுநர் மீண்டும் மீண்டும் செய்யும் செயலைத் தொடுகிறதா? ‘இகோ’வின் நிழலுருவங்கள் பற்றிய கையைப் பிரிக்க வருகின்றன, தொடுகின்றன. கொலம்பியாவின் ஒடுக்குமுறை பந்தெறி காட்சிக்குப்பின் பெரும்பாலும் காட்சியாகவே நிற்கிறது.

இரண்டாம் வினா நீக்கம் பற்றியது: இதனை நீக்கினால் உரிப்பொருள் மாறுமா? கல்லிருக்கையை நீக்கினால் இருவரும் ஒன்றாக இளைப்பாறும் தருணம் இல்லாதாகும். விகர்களை நீக்கினால் அத்தகைய இழப்பு நேராது.

மூன்றாம் வினா தகுதி பற்றியது: இக்கூறு தன்னளவில் ஓர் உரிப்பொருளாகும் தகுதி உடையதா? ஆமெனில் அதனைத் துணைக்கூறாக வைத்தல் இடர் தரும். அடிமைமுறை, இனப்படுகொலை, தொழிலாளர் எழுச்சி போன்றவை நகருக்கு நிறம் சேர்க்கும் கருப்பொருளாக அடங்கி நில்லா. ஒன்று, அவை மையத்துக்கு வரவேண்டும். அன்றேல், மையம் அவற்றுக்கு விடைசொல்லும் பொறுப்பை ஏற்கவேண்டும். ‘சிக்கனமாக எழுதுக’ என்னும் பொது அறிவுரையில் இம்மூன்றாம் வினாவுக்கு இடமில்லை. சிக்கனம் அளவைப் பார்க்கிறது. இவ்வினா கனத்தைப் பார்க்கிறது.

முடிவுரை

விளையாட்டுக் கதையில் கூறுகள் போட்டியிடுவதன் காரணம் அவற்றின் மிகுதியன்று. உரிப்பொருளாகும் தகுதியுடைய பல கூறுகளை ஒரே ஆட்டச் செயலின்மீது ஏற்றுவது. ‘இகோ’ ஒரு செயலையும் ஒரு பொருளையும் இணைத்து, சிறிது குன்றக்கூறியேனும் நிறைவு காண்கிறது. ‘டிஸ்கோ எலிசியம்’ பல கருப்பொருள்களை ஓர் உரிப்பொருளின்கீழ் நிறுத்துகிறது. ‘பயோஷாக் இன்ஃபினிட்’ மூன்று உரிப்பொருள்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் பேசும் வலிமை குறைந்தோரின் கதையை மற்ற இரண்டுக்கும் படிக்கட்டாக்குகிறது.

நெரிசலைக் குறைத்தல் வடிவநேர்த்தி சார்ந்த செயலாகவே இதுவரை பெரிதும் பேசப்படுகிறது. யாருடைய கதை மையம், யாருடையது பின்புலம் என்னும் தீர்மானம் அதனுள் அடங்கியிருப்பதால் அது அறம் சார்ந்த செயலுமாகும். அத்தீர்மானத்தை எழுதுபவர் தெரிந்து மேற்கொள்ளாவிடில் ஆட்டச் செயலே மேற்கொண்டுவிடும். கையில் துப்பாக்கி மட்டும் தரப்பட்ட விளையாடுநர்முன் எந்த மக்கள் எழுச்சியும் இறுதியில் ஓர் இலக்காகவே நிற்கும்.